பக்கத்து சீட்டுக்காரி

அவள் புது வேலையில் சேர வந்த காலையில் ரேஸ் டிராக்கைப் பனி மூடிக் கிடந்தது. கணவன்தான் காரை ஓட்டி வந்தான். கேட்டைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, "வாசனை வருதா?" என்றான்.

வந்தது. கருகின ரப்பர், பெட்ரோல், நனைந்த புல். பல வருஷம் பந்தயக் கார் ஓட்டியவளுக்கு அது தாய்வீட்டு வாசனை. பனிக்குள் டிராக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தகரக் கூரை போட்ட நீளமான ஷெட் மட்டும், உள்ளே ஒற்றை விளக்கு எரிய, தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தது.

பந்தயங்கள் அங்கே எப்போதாவதுதான் நடக்கும். மற்ற நாட்களில் அந்த டிராக் கத்துக்குட்டிகளை நம்பித்தான் ஓடியது. ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டுமே கார் ஓட்டிப் பழகியவர்கள், ஆயுளில் ஒரு தடவையாவது அசுர வேகத்தில் போய்ப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டு வருவார்கள். அவர்களை ஸ்டியரிங் முன் உட்கார வைத்துவிட்டு, பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வார். இருவர் ஹெல்மெட்டிலும் காதருகே ஒரு ஸ்பீக்கர், வாயருகே ஒரு மைக். என்ஜின் போடும் கூச்சலில் வேறெதுவும் கேட்காது. எங்கே பிரேக், எங்கே திருப்பம், எங்கே மிதிக்கலாம் என்று அந்தக் குரல்தான் சொல்லிச் சொல்லி அழைத்துப் போக வேண்டும்.

அந்தக் குரலாக இருக்கத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

ஷெட் வாசலில் கொடிக்காரர் நின்றிருந்தார். டிராக்கில் கொடி காட்டிக் கார்களை நிறுத்துகிறவர். அங்கே எல்லாரையும்விடப் பழைய ஆள். "வாங்க மேடம்" என்று வாய் நிறையச் சிரித்தார். பிறகு அவள் கணவன் பக்கம் திரும்பி, "அக்கா ரூமைத் திறந்து வச்சிருக்கேன் தம்பி" என்றார்.

அக்கா ரூம்.

கதவில் 'பயிற்சியாளர்' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் இருந்தது. இருந்தும் அது அக்கா ரூம். அவள் மேடம்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனையோ வருஷம் வயிறெரிந்திருக்கிறாள். பந்தய நாட்களில் அவளுக்கு எப்போதும் இரண்டாமிடம். எந்த டிராக்கானாலும் கண்ணுக்கு முன்னால், எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தியின் வெள்ளை ஹெல்மெட்டின் பின்பக்கம். கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் இருக்கும், கடைசி வளைவு வந்ததும் காற்றாய்ப் பறந்துவிடும். அக்கா பந்தயத்தை விட்டுவிட்டு இங்கே சொல்லிக்கொடுக்க வந்தபோது, அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை இதே டிராக்கின் மெக்கானிக். சாயந்திரம் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அவன் வாயில் அக்காதான். "அக்கா இன்னிக்கு என்ன பண்ணாங்க தெரியுமா?" "அக்கா கை பட்டா போதும், அந்த வண்டி பூனைக்குட்டி மாதிரி ஆயிடும்." கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போனது.

போன வருஷம் அக்கா செத்துப்போனாள். பயிற்சிக் கார்களில் ஒன்றான வெள்ளைக் காரின் பக்கத்து சீட்டில், கடைசி வளைவில். டயர் வெடித்துக் கார் சுவரில் மோதியது. ஓட்டின கத்துக்குட்டிக்கு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் மொத்தமாக நசுங்கியது. கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட வேண்டிய அந்தக் காரை அவள் கணவன் விட்டுக்கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து, தகடு தகடாகப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, மறுபடி ஓட வைத்தான். எல்லாவற்றையும் மாற்றியவன் பக்கத்து சீட்டை மட்டும் மாற்றவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றான்.

அறைக்குள் ஜன்னலோரம் ஓர் ஆணியில் வெள்ளை ஹெல்மெட் தொங்கியது. தன்னுடையதை மாட்ட இடம் தேடியவள் அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்" என்றான் கணவன். குரல் சட்டென்று வந்தது. வீட்டில் அவள் அப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை.

அவள் தன் ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தாள். வெள்ளை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கழுத்துவலித் தைலத்தின் வாசனை வந்தது. நாளெல்லாம் வளைவுக்கு வளைவு தலை ஆடுகிற பயிற்சியாளர்கள் எல்லாருமே பூசுவதுதான். ஆனால் ஒரு வருஷமாக யாரும் போடாத ஹெல்மெட்டில் அந்த வாசனை அப்போதுதான் பூசினது மாதிரி மூக்கில் ஏறியது.

முதல் கத்துக்குட்டி ஒரு பல் டாக்டர். தலை நரைத்தவர், பிள்ளைகள் பிறந்தநாள் பரிசாக அனுப்பி வைத்திருந்தார்கள். "ஆயுசு பூரா அடுத்தவங்களை வாயைத் திறக்கச் சொன்னவன் மேடம். இன்னிக்கு நானே வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். அவருக்கு வெள்ளைக் கார்தான் வேண்டுமாம். அவள் பக்கத்து சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். சீட் சில்லென்றிருந்தது. அவள் உடம்பு அதில் பொருந்தவில்லை. ஏற்கெனவே வேறொரு முதுகுக்குப் பழகிப்போன சீட் அது.

டாக்டர் முதலில் நத்தையாக ஊர்ந்தார். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, விடுங்க... இப்ப திருப்புங்க..." சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது. கடைசிச் சுற்றில் அவள் வாயே திறக்கவில்லை. அந்தச் சுற்றில்தான் மனிதர் பின்னியெடுத்தார். கார் வழுக்கிக்கொண்டு ஒரே கோட்டில் போனது.

இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கடைசி ரவுண்டுல ஒண்ணு சொன்னீங்களே மேடம். 'வளைவைப் பாக்காதே கண்ணு, வளைவுக்கு அந்தப் பக்கம் வர்ற ரோட்டைப் பாரு'ன்னு. அங்கதான் எல்லாம் பிடிபட்டுது. என்னைக் கண்ணுன்னு கூப்பிட இப்ப ஆளே இல்ல, போங்க."

அவள் யாரையும் கண்ணு என்று கூப்பிடுகிறவள் இல்லை.

கொஞ்சம் தள்ளிக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த கொடிக்காரரின் கை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை. வெள்ளைக் காரைப் பார்த்தார். பிறகு வேகமாக ஷெட்டுக்குள் போய்விட்டார்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். செத்த பிறகுமா? செத்த பிறகும் இவள்தானா முன்னால்?

அன்றிலிருந்து இதே கதை. மற்ற கார்களில் ஒன்றுமில்லை. வெள்ளைக் காரில் ஏறுகிறவர்கள் மட்டும் முகம் மலர்ந்து இறங்குவார்கள். "எவ்வளவு பொறுமையா சொல்றீங்க!" "உங்க குரலைக் கேட்டாலே பயம் போயிடுது." பாராட்டு முழுக்க அவளுக்குத்தான். ஒவ்வொரு பாராட்டும் கன்னத்தில் விழும் அறையாக இருந்தது. அவள் காதில் ஒரு வார்த்தை விழாது. என்ஜின் சத்தமும் தன் மூச்சும்தான். ஆனால் ஓட்டுகிறவரின் தலை லேசாக அவள் பக்கம் சாயும், அவள் பேசாத ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தைல வாசனை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, சீட்டுக்குள்ளிருந்து, மெல்ல எழும்பி வரும்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். ஆட்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கணவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவள் ஷெட்டுக்குள் வந்தாள். விளக்குப் போடவில்லை. தகரக் கூரை சூடு ஆறி அங்கங்கே டக் டக்கென்று சொடுக்கியது. கடைசியில் வெள்ளைக் கார் நின்றிருந்தது.

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

அவள் கணவன்தான். என்ஜின் போடாத காரில், ஸ்டியரிங் முன்னால், தலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தான். முகம் பக்கத்து சீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்தச் சிரிப்பு! கல்யாணமான புதிதில் அவளுக்குக் காட்டிய சிரிப்பு. அதை அவள் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"யாரோட பேசிட்டிருக்கீங்க?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாரோட பேசுவேன்? மைக் டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்."

"சிரிச்சுக்கிட்டா டெஸ்ட் பண்ணுவீங்க?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால், பக்கத்து சீட்டின் பஞ்சு மெதுவாக மேலெழும்பியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டால் எழும்புமே, அப்படி.

அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் திரும்பி நடந்தாள்.

அன்று இரவு படுக்கும்போது அவன் சட்டையிலிருந்து தைல வாசனை அடித்தது. உயிரோடிருக்கிற ஒருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். செத்தவளிடம் எந்த வாசலில் போய் நின்று சண்டை போடுவது?

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். வெள்ளைக் காரில் இரண்டு ஹெல்மெட்டையும் இணைக்கிற சின்னப் பெட்டி சீட்டுகளுக்கு நடுவில் இருந்தது. கட்டிங் பிளேயரால் அதன் ஒயர்களைக் கத்தரித்தாள். ஒவ்வொரு ஒயரும் அறுபடும்போது மனசுக்குள் ஒரு குரூரமான குளிர்ச்சி. "இப்ப பேசுடி பாக்கலாம்" என்று சொல்லியே விட்டாள், வாய்விட்டு.

அன்று வந்தவள் ஒரு நர்ஸ். சின்ன வயது. இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டு, தூங்கப் போகாமல் இங்கே வந்திருந்தாள். "நாள் பூரா மெதுவா நடங்க, மெதுவா நடங்கன்னே சொல்லிட்டிருக்கேன் மேடம். எனக்கும் ஒரு நாளைக்கு வேகமாப் போகணும்" என்றாள். அவள் நர்ஸிடம், "மைக் ரிப்பேர். நான் கையால சைகை காட்டுவேன், பக்கத்துல குனிஞ்சு கத்துவேன். அதை மட்டும் கேளுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

இரண்டாவது சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. ஸ்பீக்கர் இல்லாமல், அக்கா இல்லாமல், தன் சொல்லுக்கு ஒருத்தி ஓட்டுகிறாள். அதை இன்னும் ஒரு சுற்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

கடைசி வளைவில் பின் சக்கரங்கள் வழுக்கின. கார் சுவரை நோக்கி மூக்கைத் திருப்பியது.

"பிரேக்! பிரேக்!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

நர்ஸ் பிரேக்கைத் தொடவில்லை. நிதானமாக ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தாள். கார் ஒரு சிலுப்பு சிலுப்பிக்கொண்டு நேரானது. சுவர் ஜன்னலை உரசுகிற நெருக்கத்தில் ஓடி மறைந்தது.

அவள் சொன்னபடி பிரேக் அடித்திருந்தால் அந்தக் கார் சுழன்றிருக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கத்தின மறுநொடியே தெரிந்துவிட்டது.

ஷெட்டில் வந்து நின்றதும் நர்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"மேடம்... மைக் ரிப்பேர்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"அப்ப யாரு பேசினது? 'பிரேக் வேண்டாம் கண்ணு, மெதுவா மிதி'ன்னு காதுக்குள்ளயே சொன்னாங்க."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்க. ரொம்பக் கோவமா. 'இறங்கு'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான். இறங்கு, இறங்கு, இறங்கு."

"பயந்துட்டீங்க. அதான்..."

"இல்ல மேடம். என்னைச் சொல்லல. உங்களைச் சொன்னாங்க."

மழை தகரத்தின்மேல் அறைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பொறாமை அவளுக்கு மட்டும் இல்லை. அந்த சீட்டும் இத்தனை நாள் அவளைப் பார்த்துக் கருவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்றே முதலாளியிடம் போனாள். காருக்கு அடியில் இரும்புச் சட்டம் விரிசல் விட்டிருக்கிறது, கத்துக்குட்டியை ஏற்றினால் கொலைப்பழி வரும் என்று பொய் சொன்னாள். முதலாளி பயந்த சுபாவம். மறுநாள் காலையில் லாரி வந்து காரை எடுத்துப் போகும், பழைய இரும்புக் கடையில் நசுக்கிவிடுவார்கள் என்று முடிவாகிவிட்டது.

கணவனிடம் அவளே சொன்னாள். கத்துவான், பொருட்களை விட்டெறிவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து வைத்தான். "சட்டத்துல விரிசல் இல்லைன்னு உனக்குத் தெரியும்" என்றான்.

சாயந்திரம் அவள் அறையில் இருந்தபோது என்ஜின் சத்தம் கேட்டது. எந்தக் கார் என்று அவளுக்குக் கேட்டதுமே தெரிந்தது. வெளியே ஓடினாள்.

வெள்ளைக் கார் டிராக்கில் இறங்கியிருந்தது. மேகத்துக்குக் கீழே கடைசி வெளிச்சம் செம்மண் நிறத்தில் கிடந்தது. கொடிக்காரர் சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் வீசிக்கொண்டு ஓரத்தில் நின்று கத்தினார். கார் நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் பறந்தது.

"யாரு ஓட்டறது?"

"தம்பிதான் மேடம். என்னைத் தள்ளிவிட்டுட்டு ஏறினாரு. அவருக்கு இந்த வேகம் ஓட்டத் தெரியாதே!"

தெரியாதுதான். கார்களைப் பிரிக்கவும் பூட்டவும் தெரிந்த அளவு அவனுக்கு ஓட்ட வராது. அவன் எப்போதும் நிதானமாகப் போகிற ஆள். ஆனால் அந்தக் கார் வளைவுகளில் படுத்து எழுந்து போன விதத்தை அவளுக்கு அடையாளம் தெரியும். எத்தனை பந்தயத்தில் அதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள்!

அடுத்த சுற்றில் கார் அவர்களைக் கடந்தபோது உள்ளே பார்த்தாள்.

ஸ்டியரிங் முன்னால் ஒரு ஹெல்மெட்.

பக்கத்து சீட்டில் இன்னொன்று. வெள்ளை.

அவள் திரும்பி அறையைப் பார்த்தாள். ஜன்னல் வழியே ஆணி தெரிந்தது. வெறும் ஆணி.

யோசிக்க நேரமில்லை. பயிற்சிக்கு வைத்திருந்த நீலக் காரில் பாய்ந்து ஏறி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டிராக்கில் இறங்கினாள். மறுபடி அதே காட்சி. முன்னால் அந்த வெள்ளைப் பின்பக்கம், பின்னால் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினாள். ஒரு வளைவில் நெருங்கினாள், அடுத்ததில் விட்டுவிட்டாள். நேர்ச் சாலையில் எப்படியோ பக்கவாட்டில் வந்துவிட்டாள். கணவன் தெரிந்தான். கண்கள் மூடியிருந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதட்டில் அந்தச் சிரிப்பு.

அப்போது அவள் காதில் குரல் கேட்டது.

நீலக் காரின் ஸ்பீக்கருக்கும் வெள்ளைக் காருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வெள்ளைக் காரின் ஒயர்களை அவளே கத்தரித்திருந்தாள். ஆனாலும் கேட்டது. முதல் தடவையாக அவளுக்கே கேட்டது. கரகரப்பில்லாமல், இதமாக, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல்.

"அவ்வளவுதான் கண்ணு. இன்னும் கொஞ்சம். கடைசி வளைவு வருது. இந்தத் தடவை நாம திரும்ப வேண்டாம்."

அவள் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "அவரை விடுங்க!"

"பிரேக்கை மறந்துடு கண்ணு."

சுவர் தெரிந்தது. வெள்ளைக் கார் வேகம் கூட்டியது. அவள் வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை. ஆயுளில் ஒரு தடவைகூட அவள் சொல்லாத வார்த்தை.

"அக்கா!"

குரல் நின்றது.

"அக்கா, அவருக்கு ஓட்டத் தெரியாது அக்கா! அவர் உங்களுக்கு ஜோடியே இல்ல. உங்களை விரட்டிக்கிட்டு ஓடின ஒரே ஆள் நான்தான். நான் ஓட்டறேன். நீங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க. அவரை விட்டுடுங்க அக்கா!"

என்ஜின் சத்தம் மட்டும். சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிறகு, காதுக்கு வெகு அருகில், ஒரு பெருமூச்சு.

வெள்ளைக் காரின் பிரேக் விளக்குகள் எரிந்தன. டயர்கள் ஓலமிட்டன. கார் குறுக்கே திரும்பி, புகையைக் கக்கிக்கொண்டு, சுவரைத் தொடாமல் நின்றது. அதே கணத்தில் அவளுடைய நீலக் கார் ஒரு பக்கமாக லேசாகத் தாழ்ந்தது. ஏதோ பள்ளம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த டிராக்கில் பள்ளம் ஏது என்று அப்போது யோசிக்கவில்லை.

கணவனைக் கதவைத் திறந்து இழுத்தாள். அவன் விழித்துப் பார்த்து, "இங்க எப்படி வந்தேன்?" என்றான். அவளைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுதான். பக்கத்து சீட்டில் வெள்ளை ஹெல்மெட் கிடந்தது, உள்ளே யாரும் இல்லாமல்.

மறுநாள் லாரி வந்தது. அவளே கூடப் போய், இரும்புக் கடையில் அந்தக் கார் ஒரு பெட்டி அளவுக்கு நசுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். ஹெல்மெட்டையும் உள்ளே போடச் சொன்னாள். திரும்பும்போது மூச்சு லேசாக இருந்தது.

அதன் பிறகு டிராக்கில் எந்தக் குரலும் கேட்கவில்லை. அவள் சொல்வதைத்தான் கத்துக்குட்டிகள் கேட்டார்கள். சிலர் நன்றாக ஓட்டினார்கள், சிலர் சொதப்பினார்கள். கொடிக்காரர்கூட ஒருநாள் வாய் தவறி அவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு ஏனோ சந்தோஷமே வரவில்லை.

கணவன் தேறினான். சாப்பிட்டான், தூங்கினான், வேலைக்குப் போனான். ஆனால் வேலை நடுவில் கையை நிறுத்திவிட்டு எதையோ காதுகொடுத்துக் கேட்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே சொன்னான்.

"ஷெட்ல தனியா உக்காந்து பாத்தேன். ஒவ்வொரு வண்டியிலயும் உக்காந்து பாத்தேன். அவங்க இல்ல."

"போனவங்க போகட்டும், விடுங்க."

"எங்க போயிருப்பாங்க?" என்றான். தொலைத்ததைத் தேடுகிறவன் முகம் அது. அவளுக்குள் மறுபடி பழைய பொறாமைத் தீ பற்றியது.

அந்த வாரம் ஒருநாள் அவன் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டான். அவள் மட்டும் தங்கள் சொந்தக் காரில் கிளம்பினாள். சின்னக் கார், புதுசு. டிராக்கின் கேட்டைத் தாண்டியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங். டிங். டிங். முன்னால் சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கியது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கிற விளக்கு.

பக்கத்து சீட் காலியாக இருந்தது. பை கூட இல்லை.

டிங். டிங். டிங்.

ஓரமாக நிறுத்தினாள். சீட்டைக் கையால் தட்டிப் பார்க்க நினைத்துக் கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். தெருவில் ஆட்கள் கடைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு போனான். உலகம் அதுபாட்டுக்கு இருந்தது.

வெகுநேரம் கழித்து, அவள் குறுக்கே சாய்ந்து, பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்து, கொக்கியில் மாட்டினாள்.

மணி நின்றது.

பெல்ட் சீட்டின்மேல் படியவில்லை. ஒரு நெஞ்சின் உயரத்தில், காற்றின்மேல், வளைந்து நின்றது. நின்ற இடத்தில் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

அவள் கத்தவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடவும் இல்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு காரைக் கிளப்பினாள். அன்று வழி நெடுக ஓட்டினதுபோல் அவள் என்றைக்கும் ஓட்டியதில்லை. ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு வெட்டு கிடையாது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டு வாசலில் கணவன் காத்திருந்தான். கையில் பை. "கடைக்குப் போகணும், இறங்காதே. நானும் வரேன்" என்று சொல்லிக்கொண்டே முன் கதவின் கைப்பிடியில் கை வைத்தான்.

அவள் சட்டென்று பூட்டை அழுத்தினாள்.

"என்ன?" அவன் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். "ஏன் பூட்டறே?"

அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்.

"பின்னாடி உக்காருங்க" என்றாள்.

அவன் ஒன்றும் புரியாமல் பின்கதவைத் திறந்து ஏறினான். பக்கத்து சீட்டின் பெல்ட், சிரிப்பை அடக்குகிற ஒருத்தியின் நெஞ்சைப்போல், லேசாகக் குலுங்கியது.